கரியா, யூரியா? கனரக லாரி இன்ஜினில் எடுக்க வேண்டிய ஒரு முடிவு

நாமக்கல் பக்கம் நான் வேலை பார்த்த பட்டறையில் ஒருநாள் ஒரே சாக்கின் மேல் இரண்டு பாகங்கள் கிடந்தன. ஒன்று, ஒரு லாரி இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் பைப். எண்ணெயும் கரியும் சேர்ந்து உள்ளே தார் மாதிரி இறுகி, மூன்று விரல் நுழைய வேண்டிய துளையில் ஒரு விரல்தான் போனது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியபோது பட்டை பட்டையாகப் பெயர்ந்து விழுந்தது. இன்னொன்று, வேறொரு லாரியின் புகைக்குழாயிலிருந்து கழற்றிய யூரியா இன்ஜெக்டர். அதன் மூக்கைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கற்கண்டு போல உப்புப் பூத்திருந்தது. முதல் வண்டிக்காரர் ‘மேடு ஏற மாட்டேங்குது’ என்று வந்தவர். இரண்டாமவர் ‘மீட்டர்ல லைட் எரியுது, வண்டி நாற்பதுக்கு மேல போகல’ என்று வந்தவர்.

இரண்டு வண்டிக்கும் வந்த நோய் வேறு. ஆனால் இரண்டையும் வடிவமைத்தவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: டீசல் எரியும்போது பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடை, தொழிலில் நாக்ஸ் என்கிறோமே, அதை எங்கே வைத்து ஒழிப்பது? சிலிண்டருக்குள்ளேயே பிறக்காமல் தடுப்பதா, பிறந்தபின் புகைக்குழாயில் பிடித்துக் கொல்வதா? முதல் வழிக்குப் பெயர் இஜிஆர், இரண்டாவதற்கு எஸ்சிஆர். டிரைவர்கள் பேச்சில் இரண்டாவது ‘யூரியா வண்டி’. கடந்த இருபது ஆண்டுகளில் கனரக இன்ஜின் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. சிலர் சரியாக முடிவெடுத்தார்கள். ஒரு பெரிய கம்பெனி இந்த ஒரே முடிவால் ஏறத்தாழ அழிந்தே போனது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நாக்ஸ் வருவது இன்ஜின் கெட்டுப்போனதால் அல்ல, நன்றாக எரிவதால். கரும்புகை அரைகுறையாக எரிந்ததன் அடையாளம். நாக்ஸ் சூடாக, முழுதாக எரிந்ததன் விளைவு. சுவாலையின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் மளமளவென்று கூடிக்கொள்கின்றன. வெப்பத்தைக் குறைத்தால் நாக்ஸ் குறையும், ஆனால் கரி கூடும், டீசலும் கூடுதலாகப் போகும். வெப்பத்தை ஏற்றினால் டீசல் மிச்சம், கரியும் குறைவு, நாக்ஸ் மட்டும் எகிறும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். இன்ஜின் பொறியாளர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதனுடன்தான்.

இஜிஆர் செய்வது இதுதான்: வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, கூலரில் விட்டு, ரேடியேட்டர் தண்ணீரால் ஆற்றி, உள்ளே போகும் காற்றோடு கலந்துவிடுகிறது. அந்தப் புகையில் எரிவதற்கு ஆக்சிஜன் குறைவு, வெப்பத்தை உறிஞ்சும் கரியமில வாயுவும் நீராவியும் அதிகம். சுவாலை தணிகிறது, நாக்ஸ் குறைகிறது. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. தனி டேங்க் வேண்டாம், யூரியா வாங்க வேண்டாம், டிரைவருக்குப் புது வேலை ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் புகையை உள்ளே தள்ளுவது எப்படி? டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம். அதனால் டர்போ வண்டியில் இன்டேக் பக்கம் ஏற்கெனவே அழுத்தம் அதிகம். அதைவிட அதிக அழுத்தம் புகை பக்கம் இருந்தால்தான் புகை திரும்பி ஓடும். அதற்காகப் பெரும்பாலும் இறக்கைகள் திறந்து மூடும் டர்போவைப் போடுகிறார்கள். அது விலை கூடியது, கரி பட்டால் இறுகிக்கொள்ளும். கூடும் கரியைக் குறைக்க டீசலை இன்னும் அதிக அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும். அதற்குப் புது பம்ப், புது இன்ஜெக்டர். கூலரில் ஆறிய வெப்பம் முழுவதும் ரேடியேட்டருக்குத்தான் போகிறது. அதனால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், ஃபேன் அதிக நேரம் ஓடும். யூரியா டேங்க் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிற மிச்சம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத செலவு.

எஸ்சிஆர் வேறு தத்துவம். இன்ஜினைச் சூடாக, சுகமாக எரிய விடு. நாக்ஸ் வந்தால் வரட்டும். புகைக்குழாயில் யூரியா கரைசலைத் தெளி. சூட்டில் அது அம்மோனியாவாகும். கேட்டலிஸ்ட் எனும் வினையூக்கியின் மேல் அம்மோனியாவும் நாக்ஸும் சேர்ந்து வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். கரைசலில் 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணீர். ஐரோப்பாவில் ஆட்ப்ளூ, நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் டெஃப் என்று பெயர். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: புகை சுமார் 200 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். ஊருக்குள் லோடு இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கிற வண்டியில் அந்தச் சூடு வராது. அப்போது தெளிக்கிற யூரியா சரியாக ஆவியாகாமல் குழாயிலேயே படிகமாகிவிடும். சாக்கின் மேல் கிடந்த கற்கண்டு அதுதான்.

சரி, எது நல்லது? இப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. எவ்வளவு நாக்ஸ் வரை குறைக்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்டால்தான் கிடைக்கும். ஐரோப்பாவின் புகை விதிகளில் யூரோ 3-இல் ஒரு கிலோவாட் மணிக்கு 5 கிராம் நாக்ஸ் விடலாம். யூரோ 4-இல் 3.5. யூரோ 5-இல் 2. யூரோ 6-இல் திடீரென்று 0.4. அமெரிக்காவின் 2010 விதி இன்னும் கடுமை: அவர்கள் அளவில் ஒரு குதிரைத்திறன் மணிக்கு 0.20 கிராம், நம் அளவில் ஏறத்தாழ 0.27. முதல் இரண்டு படிகளும் சாதாரணப் படிகள். யூரோ 5-இலிருந்து 6-க்குப் போவது மாடிக்கே தாவுகிற மாதிரி. இஜிஆர் சாதாரணப் படிகளை ஏறும். மாடிக்குத் தாவச் சொன்னால் இன்ஜினையே பிழிந்தெடுக்க வேண்டியிருக்கும்.

இதை நேவிஸ்டாரின் கதையைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேவிஸ்டார் அமெரிக்காவின் பழைய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் வாரிசு. இன்டர்நேஷனல் என்ற பெயரில் லாரி செய்பவர்கள். பெரிய இன்ஜினுக்கு மற்றவர்களை நம்பியிருந்த கம்பெனி, ஜெர்மனியின் மான் கம்பெனியோடு சேர்ந்து 11, 13 லிட்டர் இன்ஜின்களை மேக்ஸ்ஃபோர்ஸ் என்ற பெயரில் 2007-இல் கொண்டுவந்தது. இன்ஜினின் அடித்தளம் நல்ல அடித்தளம்தான். 2010 விதி நெருங்கியபோது கம்மின்ஸ், டெய்ம்லரின் டெட்ராய்ட், வால்வோ, மேக் எல்லோரும் எஸ்சிஆர் பக்கம் போனார்கள். கேட்டர்பில்லர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 2008-இல் நெடுஞ்சாலை லாரி இன்ஜின் வியாபாரத்தை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. நேவிஸ்டார் மட்டும் தனியாக நின்றது. யூரியா வேண்டாம், இஜிஆரை இன்னும் மேம்படுத்தியே 0.20-ஐத் தொடுவோம் என்றார் அப்போதைய தலைமை அதிகாரி டேனியல் உஸ்டியன்.

அந்த முடிவில் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. லாரிக்காரருக்குக் கூடுதல் டேங்க், கூடுதல் எடை, புதிதாக ஒரு திரவம் தேடி அலைகிற வேலை எதுவும் இருக்காது. வாடிக்கையாளர் விரும்பிக் கேட்பது அதுதான். விற்பனைக்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

இன்ஜின் மட்டும் 0.20-க்கு வரவில்லை. 0.5-இல் நின்றது. பழைய இன்ஜின்களில் விதியைவிடக் குறைவாக நாக்ஸ் விட்டதற்காகச் சேர்த்து வைத்திருந்த கிரெடிட்டுகளைச் செலவழித்து நேவிஸ்டார் விற்றுக்கொண்டிருந்தது. உண்டியலில் இருந்த காசு தீரத் தீர, 2012 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு இடைக்கால வழியைத் திறந்தது: ஒரு இன்ஜினுக்கு அதிகபட்சம் 1,919 டாலர் அபராதம் கட்டிவிட்டு விற்கலாம். கோடிக்கணக்கில் செலவழித்து எஸ்சிஆர் செய்த போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூன் 12 அன்று அந்த இடைக்கால விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூலை 6 அன்று, எங்கள் இன்ஜினிலும் யூரியா முறையைச் சேர்க்கிறோம் என்று நேவிஸ்டார் அறிவித்தது. எஸ்சிஆர் பாகங்களுக்கும் 15 லிட்டர் இன்ஜினுக்கும் போட்டியாளரான கம்மின்ஸிடமே போய் நின்றது. ஆகஸ்டில் உஸ்டியன் பதவி விலகினார். அந்த நிதியாண்டின் நஷ்டம் ஏறத்தாழ 300 கோடி டாலர். அதில் பெரும்பகுதி வரிக் கணக்கு சார்ந்த பதிவு என்றாலும், வண்டி பழுதுக்கான வாரன்டி செலவும் கம்பெனியை வாட்டியது.

லாரிக்காரர்கள் பட்ட பாடு தனி. இஜிஆர் பாகங்கள் திரும்பத் திரும்பக் கெட்டுப்போவதாக மேக்ஸ்ஃபோர்ஸ் வண்டிக்காரர்கள் போட்ட வழக்கு, 2019-இல்தான் மொத்தம் 13.5 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு வந்தது. 0.20-ஐ எட்டுவதில் இருந்த சிக்கல்களை முதலீட்டாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 2016-இல் 75 லட்சம் டாலர் கட்டவும் கம்பெனி சம்மதித்தது. கடைசியில் ஃபோக்ஸ்வாகனின் லாரிப் பிரிவான டிராட்டன் முதலில் ஒரு பங்கை வாங்கி, 2021 ஜூலையில் கம்பெனியை முழுதாகவே எடுத்துக்கொண்டது.

நமக்கும் இதில் ஒரு நூல் உண்டு. மஹிந்திராவோடு நேவிஸ்டார் இந்தியாவில் கூட்டு வைத்திருந்தது. புனே பக்கத்திலுள்ள சாக்கன் என்ற ஊரில் லாரி செய்தார்கள். 2012 டிசம்பரில், அமெரிக்காவில் கைப்பணம் தேவைப்பட்ட நேரத்தில், தன் பங்கை மஹிந்திராவுக்கே விற்றுவிட்டு நேவிஸ்டார் போய்விட்டது. நம் சாலையில் ஓடிய மஹிந்திரா நேவிஸ்டார் வண்டிகளின் 7.2 லிட்டர் இன்ஜினும் மேக்ஸ்ஃபோர்ஸ் குடும்பம்தான். அமெரிக்காவில் தகராறில் சிக்கியது அது அல்ல, பெரிய இன்ஜின்கள்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு இஜிஆர் என்றாலே மோசம் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்கு நம் எண்ணூர்க் கம்பெனியே சாட்சி.

அசோக் லேலண்ட் 1948-இல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காகத் தொடங்கியது. 1955-இல் பிரிட்டனின் லேலண்ட் உள்ளே வந்தது. 1980-களில் ஜப்பானின் ஹினோவிடமிருந்து வாங்கிய நுட்பத்தில் பிறந்ததுதான் ஹெச் சீரிஸ் இன்ஜின். தமிழ்நாட்டில் லாரி ஓட்டிய எவருக்கும் அதன் சத்தம் தெரியும். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்4 என்ற புகை விதி கட்டாயமானபோது டாடா தன் கனரக வண்டிகளுக்கும், ஒரகடத்தில் பாரத்பென்ஸும் எஸ்சிஆரைத் தேர்ந்தெடுத்தன. லேலண்ட் தன் கனரக வண்டிகளுக்கும் ஐஇஜிஆர் என்ற பெயரில் இஜிஆரைத்தான் வைத்தது. யூரியா வேண்டாம் என்பதே விளம்பரம். நேவிஸ்டார் சொன்ன அதே வாக்கியம்.

வாக்கியம் ஒன்றானாலும் கணக்கு வேறு. பிஎஸ்4 என்றால் யூரோ 4 அளவு, அதாவது 3.5 கிராம். சாதாரணப் படி. இஜிஆர் மூச்சு வாங்காமல் ஏறுகிற உயரம். அதோடு, பிஎஸ்5-ஐத் தாண்டி 2020-இல் நேராக பிஎஸ்6 வரும் என்று அரசு 2016 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஆக, இந்த இன்ஜின் சந்தையில் இருக்கப்போவது 3 வருடம். அந்த 3 வருடத்தில் டெஃப் எல்லாப் பங்கிலும் கிடைக்குமா? ஒடிசா சுரங்கச் சாலையிலும் அசாம் மலையிலும் கிடைக்குமா? கிடைக்காத இடத்தில் வயலுக்குப் போடுகிற யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். 2015 முதல் நம் நாட்டு வேளாண் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெய் கேட்டலிஸ்ட்டுக்கு எமன். இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் 2017-இல், இந்தியாவில், 3 வருடத்துக்கு இஜிஆர் தவறான முடிவே அல்ல. நான் அந்த மேசையில் இருந்திருந்தாலும் அதற்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

லேலண்ட் அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். பிஎஸ்6 வந்தபோது, எங்களுக்கு இஜிஆர் போதும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. மிட்-நாக்ஸ் என்று பெயர் வைத்து, இஜிஆரால் பாதி தூரம் இறக்கி, மீதியை எஸ்சிஆரிடம் ஒப்படைக்கும் வழிக்கு மாறியது. நடு வழி. இதில் யூரியா குறைவாகச் செலவாகும், இஜிஆருக்கும் கழுத்து நெரியாது. குறை என்னவென்றால் இரண்டு முறையின் பாகங்களும் ஒரே வண்டியில் இருக்கும். கெடுவதற்கு வாய்ப்புள்ள இடங்கள் கூடும். கரி பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியும் பிஎஸ்6-இல் சேர்ந்துகொள்வதால், ஒரு பழைய மெக்கானிக் சேஸிஸுக்கு அடியில் குனிந்தால் ‘இதில் இன்ஜின் எங்கே இருக்கு’ என்று தேடுகிற நிலை.

நடு வழியிலிருந்து இன்னும் ஒரு படி போனவர்கள் ஸ்வீடனின் ஸ்கேனியா. இவர்கள் பாதையைப் பார்க்கையில் ஒரு கம்பெனி எப்படி யோசித்து யோசித்து மனம் மாறியது என்று புரியும். யூரோ 4-இல் 6 சிலிண்டர் இன்ஜினுக்கு இஜிஆர், 8 சிலிண்டர் உள்ள வி8 இன்ஜினுக்கு எஸ்சிஆர் என்று இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார்கள். வி8 அதிக சக்தி தருவது, வெப்பமும் அதிகம், கேபினுக்கு அடியில் இன்னும் பெரிய ரேடியேட்டருக்கு இடம் இல்லை. 6 சிலிண்டரில் யூரோ 5 வரைக்கும் இஜிஆரையே இழுத்தார்கள். 2,400 பார் அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் எக்ஸ்பிஐ முறை அதற்குக் கைகொடுத்தது. 2011-இல் முதல் யூரோ 6 இன்ஜினைக் காட்டியபோது இஜிஆர், எஸ்சிஆர், டிபிஎஃப், இறக்கை டர்போ எல்லாம் ஒன்றாக இருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்கள். 2017-இல் வந்த வி8-களில் 520, 580, 650 குதிரைத்திறன் இன்ஜின்களுக்கு இஜிஆர் இல்லை. 2020-இல் வந்த 770 குதிரைத்திறன் வி8-க்கும் இல்லை.

இஜிஆரை எடுத்ததும் வேறு சிலவும் தாமாகவே கழன்றுவிட்டன. புகையைத் திருப்பித் தள்ள வேண்டிய தேவை இல்லாததால் இறக்கை டர்போ வேண்டாம், சாதாரண டர்போ போதும். கூலர் வேண்டாம், அதன் தண்ணீர்க் குழாய்கள் வேண்டாம், ரேடியேட்டருக்குப் பாரம் குறைவு. இன்டேக்கில் கரி ஏறாது. ஒரு பாகத்தை எடுத்தால் ஐந்து பாகம் கூடவே போகிறது. இத்தாலியின் இவெகோ இதை யூரோ 6-இன் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டது. இஜிஆர் இல்லாமல் எஸ்சிஆரை மட்டும் வைத்தே அந்த விதியைத் தொட்டார்கள்.

2021 நவம்பரில் ஸ்கேனியா கொண்டுவந்த சூப்பர் இன்ஜினில் இந்த யோசனை முழு உருவம் பெற்றது. 12.7 லிட்டர், 6 சிலிண்டர், 420 முதல் 560 குதிரைத்திறன். டீசலில் உள்ள ஆற்றலில் பாதியை, அதாவது 50 சதவீதத்தை, வேலையாக மாற்றுகிறது என்கிறார்கள். கனரக டீசலுக்கு இது எட்டாக்கனியாக இருந்த எண். யூரியாவை இரண்டு இடத்தில் தெளிக்கிறார்கள். முதலாவது டர்போவை ஒட்டியே இருக்கும், அங்கே புகை கொதிக்கக் கொதிக்க வருவதால் கற்கண்டு பூக்கிற தொல்லை குறைவு. இரண்டாவது சைலன்சரில். சுவாலையை அடக்கி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், சிலிண்டர் அழுத்தத்தை 250 பார் வரை ஏற்ற முடிந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் சேர்ந்த புதுத் தொகுப்பில் முந்தையதைவிட 8 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு.

இந்த இன்ஜின் குடும்பம்தான், டிராட்டன் கைக்குப் போன பிறகு, அமெரிக்காவில் இன்டர்நேஷனல் லாரிக்கென்று எஸ்13 என்ற பெயரில் 2022-இல் அறிமுகமானது. ஒரு காலத்தில் யூரியாவே வேண்டாம் என்று நின்ற கம்பெனியின் புது இன்ஜினில் இரட்டை யூரியா தெளிப்பு இருக்கிறது, இஜிஆர் கூலர் இல்லை.

இன்ஜினைச் சொந்தமாகச் செய்வதா, வெளியே வாங்குவதா என்ற கேள்வியும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாடா 1993-இல் கம்மின்ஸோடு கூட்டுக் கம்பெனி தொடங்கி, ஜாம்ஷெட்பூரில் இன்ஜின் ஆலை போட்டது. இப்படிப் பலருக்கும் இன்ஜின் தருகிறவரோடு சேர்ந்தால், நாக்ஸ் விதி மாறும்போதெல்லாம் அடிப்படை ஆராய்ச்சியின் பாரம் உலகம் முழுக்கப் பகிரப்படும். சொந்த இன்ஜின் வைத்திருப்பவருக்கு லாபமும் அவருடையது, தவறும் அவருடையது. நேவிஸ்டார் வெளியிலிருந்தே இன்ஜின் வாங்கியிருந்தால் 2012-இல் அவ்வளவு தூரம் விழுந்திருக்காது. ஆனால் சூப்பர் மாதிரி ஒரு இன்ஜின் சொந்தமாகச் செய்பவருக்குத்தான் வாய்க்கும். வருடத்துக்கு விற்கும் எண்ணிக்கை சிறியது என்றால் வாங்குவதே மேல்.

இப்போது யூரியாவுக்கு எதிரான வாதங்களுக்கு வருகிறேன். அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

செலவு முதலில். எஸ்சிஆர் மட்டும் இருக்கும் வண்டியில் 100 லிட்டர் டீசலுக்கு 5 லிட்டர் வாக்கில் யூரியா போகும். நாமக்கல்லிலிருந்து டெல்லி போகிற லாரியைப் பாருங்கள்: 2,400 கிலோமீட்டர் என்றும், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றும் வைத்தால் 600 லிட்டர் டீசல், 30 லிட்டர் யூரியா. அதாவது 20 லிட்டர் பக்கெட் ஒன்றரை. அதே வண்டி இஜிஆரால் 3 சதவீதம் கூடுதல் டீசல் குடித்திருந்தால் 18 லிட்டர் டீசல் போயிருக்கும். டீசலைவிட யூரியா விலை குறைவு என்பதால் இரண்டும் கிட்டத்தட்ட நேர் ஆகிவிடும். ஆக, ஓட்டச் செலவை வைத்து ஒரு பக்கம் சாய முடியாது.

வரத்து இரண்டாவது. இது உண்மையான பயம். 2021 இலையுதிர் காலத்தில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியதும் தென் கொரியா தவித்துப்போனது. அங்கே லாரிகள் பெரும்பாலும் யூரியா வண்டிகள். பங்குகளில் வரிசை, லாரிகள் நிற்கும் அபாயம். கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ராணுவ விமானத்தில் 27,000 லிட்டர் யூரியா கரைசல் கொண்டுவந்தார்கள். ஒரு நாட்டுச் சரக்குப் போக்குவரத்தின் குடுமி வேறொரு நாட்டின் கையில் போவது சின்ன விஷயம் அல்ல. இஜிஆருக்கு இந்தக் குடுமி இல்லை.

ஏமாற்று மூன்றாவது. யூரியா ஊற்றாமலே ஊற்றிய மாதிரி காட்டும் சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். அதை மாட்டிய எஸ்சிஆர் வண்டி, சூடாக எரிகிற இன்ஜினின் முழு நாக்ஸையும் ஊருக்குள் கக்கும். இஜிஆரிலும் தகடு வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. ஆனால் கெடுதல் எஸ்சிஆரில்தான் அதிகம். இதைத் தடுப்பது இன்ஜின் செய்பவர் கையில் மட்டும் இல்லை. சோதனைச் சாவடியில் நிற்பவர் கையிலும் இருக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்த பிறகும் என் தராசு எஸ்சிஆர் பக்கம்தான் சாய்கிறது. அதற்குக் காரணம், கெட்டால் என்ன ஆகிறது என்பது.

இஜிஆர் கூலர் விரிசல் விட்டால் ரேடியேட்டர் தண்ணீர் புகைக்குள் போகும். முதலில் தெரியாது. டிரைவர் ‘தண்ணி குறையுது’ என்று ஊற்றிக்கொண்டே ஓட்டுவார். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கினால் கனெக்டிங் ராட் வளையும். தண்ணீர் தீர்ந்தால் ஹெட்டில் வெடிப்பு விழும். நான் பார்த்த ஒரு வண்டியில் உள்ளங்கை அகலக் கூலரில் மயிரிழை விரிசல். அதற்காக மொத்த இன்ஜினையும் இறக்க வேண்டி வந்தது. வண்டி 40 நாள் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. எஸ்சிஆர் கெட்டால் லைட் எரியும், இழுவை குறையும், டிரைவர் திட்டுவார். நாக்ஸ் சென்சார் விலை கேட்டால் முதலாளிக்குத் தலை சுற்றும். ஆனால் பிஸ்டனும் லைனரும் ஹெட்டும் பத்திரமாக இருக்கும். புகைக்குழாயில் வந்த நோய் புகைக்குழாயோடு போகும். புது வண்டி வாங்குபவருக்கு வாரன்டி இருக்கிறது. 5 லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு மூன்றாவது கையாக வாங்குகிற நம் ஊர் ஒற்றை லாரி முதலாளிக்கு இன்ஜின் ஒன்றுதான் சொத்து. அந்தச் சொத்துக்குள் வேலை வைக்காத வழியே எனக்கு நல்ல வழி.

ஐரோப்பாவின் யூரோ 7 புதிய கனரக மாடல்களுக்கு 2028 மே 28 முதல் வருகிறது, நாக்ஸ் 0.2 கிராம். நம் ஊர் அடுத்த விதியும் அந்தத் திசையில்தான் போகும். இன்று வெள்ளைத் தாளில் புது கனரக இன்ஜின் வரையத் தொடங்கும் கம்பெனி இஜிஆரை முதுகெலும்பாக வைத்தால் இரண்டாவது படியிலேயே மூச்சு வாங்கும். எஸ்சிஆரைப் பிரதானமாக வை. யூரியாவை இரண்டு இடத்தில் தெளி. ஊர்ந்து போகிற நேரத்தில் புகையைச் சூடாக வைக்கக் கொஞ்சம் இஜிஆர் தேவைப்பட்டால், கூலர் இல்லாமல், அளவோடு வை. பழைய இன்ஜினையே இழுத்து ஓட்ட வேண்டிய நிலையில் இருக்கிற கம்பெனிக்கு மிட்-நாக்ஸ் மாதிரி நடு வழி சரி. அதன் சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் அதிக அழுத்தத்தைத் தாங்குமாறு வார்க்கப்பட்டிருக்காது, சுவாலையை முழுதாக அவிழ்த்துவிட முடியாது. விதி இன்னும் யூரோ 4 அளவிலேயே இருக்கிற, யூரியா வரத்து இல்லாத நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் மட்டும் இஜிஆர் இன்ஜினைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். டீசலில் கந்தகம் குறைவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கந்தகம் அதிகமுள்ள டீசலின் புகை ஆறும்போது கூலருக்குள் அமிலம் கட்டி உலோகத்தை அரிக்கும்.

எந்த வழியில் போனாலும் வரைகிறவர்களிடம் பட்டறை சார்பாக ஒரு வேண்டுகோள் உண்டு. யூரியா இன்ஜெக்டரையும் நாக்ஸ் சென்சாரையும் சேஸிஸுக்கு வெளிப்பக்கம், நின்றபடி கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். சாக்கின் மேல் கிடந்த அந்த இன்ஜெக்டரை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ அரை மணி நேரம்தான் ஆனது. அதைக் கழற்றுவதற்கு, சூடு ஆறக் காத்திருந்து, டேங்கை இறக்கி, மல்லாந்து படுத்து ஸ்பேனர் போட, காலை டீயிலிருந்து சாயங்கால டீ வரை ஆயிற்று.